ஒரு பழைய கோலும் 4137 என்ற எண்ணும்

மேலமாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் பழைய மரச்சாமான் கடை ஒன்று இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் உள்ளே எட்டிப் பார்க்காமல் வருவதில்லை. வீட்டம்மா இதை ஒரு வியாதி என்கிறாள். போன ஐப்பசியில், நிலைக்கதவுகளுக்கும் உடைந்த ஊஞ்சல் பலகைக்கும் நடுவே ஒரு நீளக் கம்பு சாய்ந்திருந்தது. எடுத்துப் பார்த்தேன். "சிலம்பத்துக்கு ஆகாது சார், ஒரு பக்கம் கனம், ஒரு பக்கம் சன்னம். கொடி கட்டணும்னா வச்சுக்கிடலாம்" என்றார் கடைக்காரர். 300 ரூபாய் கேட்டு 250க்குக் கொடுத்தார்.

கையில் பிடித்த உடனேயே அது என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது. பில்லியர்ட்ஸ் ஆடும் கோல். எப்படித் தெரியும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

நீளம் நாலே முக்கால் அடி. எடை அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. கீழ்ப்பாகம் கறுப்பு மரம், மேல்பாகம் வெளிர் மரம். கறுப்பு மரம் நாலு நாக்குகளாக வெளிர் மரத்துக்குள் ஏறி ஒட்டியிருக்கிறது. அதில் ஒரு நாக்கு வாய் பிளந்துவிட்டது. நுனியில் பித்தளைப் பூண் இருக்கிறது, அதன் மேல் இருக்க வேண்டிய தோலைக் காணோம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கி மாதிரி பிடித்துப் பார்த்தால், நுனியிலிருந்து ஒரு முழம் தள்ளி லேசாக ஒரு வளைவு. அடிப்பக்கத்தில் சின்னத் தகடு. அதில் எழுத்தெல்லாம் தேய்ந்து 4137 என்ற எண் மட்டும் தெளிவாக நிற்கிறது. வாழ்நாளெல்லாம் கிளார்க்காக இருந்தவனுக்கு வேறென்ன தோன்றும்? ஏதோ ஒரு கிளப்பின் ஸ்டாக் ரிஜிஸ்டர் நம்பர் என்று முடிவு கட்டினேன். அது தவறு என்று பிறகு தெரிந்தது.

வீட்டுக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து இதை என்ன செய்வது என்பதுதான் கேள்வி. எங்கள் தெரு ஆசாரி வந்து பார்த்துவிட்டு, "சார், எமரி போட்டு மொத்தமா இழைச்சு, புட்டி வச்சு, பாலிஷ் ஏத்திடுவோம். கடையில வாங்கின மாதிரி ஆயிரும்" என்றார். என் மைத்துனன் சொன்னது வேறு. "அத்தான், அடிப்பக்கம் கருங்காலி மாதிரி இருக்கே! அறுத்துக் கடைஞ்சா ரெண்டு மாலைக்கு மணி தேறும். இப்ப என்ன விலை விக்குது தெரியுமா?" கல்லூரியில் படிக்கும் பேரன் மூன்றாவது கட்சி. அவன் நண்பர்களோடு ஸ்நூக்கர் ஆடப் போகிறவன். அவனுக்கு இதை வைத்து ஆட வேண்டும், அவ்வளவுதான்.

மைத்துனன் சொன்னதில் மரம் பற்றிய பகுதி சரிதான். கோலின் அடிப்பாகத்துக்கு உலகமெங்கும் விரும்பிய மரம் கருங்காலி. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் விளைகிற மரம். இலங்கைக் கருங்காலிக்கு ஐரோப்பாவில் தனி மதிப்பு இருந்தது. தண்ணீரில் போட்டால் மூழ்கும் அளவு கனம். கோலின் பின்பக்கம் கனமாக இருந்தால்தான் அடி நிதானமாக விழும். இங்கிருந்து கப்பலேறிப் போன மரம் லண்டனில் கோலாகி, மறுபடி கப்பலேறி இங்கேயே வந்து விலைக்கு விற்றிருக்கிறது. பருத்திக்கு நடந்த அதே கதை. நம் ஊரில் உலக்கைக்கும் கைத்தடிக்கும் ஆன மரம் இது. இடையில் வேலைநிறுத்தக் காலங்களில் அது ஒரு வசைச்சொல்லாகவும் இருந்தது. ஸ்டிரைக் அன்று கையெழுத்துப் போட உள்ளே போனவனைக் கேட்டுக்கு வெளியே நின்று "கருங்காலி" என்று கத்துவோம். இப்போது அதே பெயரைக் கழுத்தில் கட்டிக்கொள்ளக் கூட்டம் அலைமோதுகிறது. எதற்கும் ஒரு காலம்.

மேல்பாகம் ஆஷ் என்ற மரம், குளிர்நாட்டுச் சரக்கு. ஆஷ் என்றால் நம் பக்கத்தவர்களுக்கு 1911ம் மணியாச்சி ரயில் நிலையமும் வாஞ்சிநாதனும்தான் ஞாபகம் வரும். அந்தப் பெயருக்கும் இந்த மரத்துக்கும் சம்பந்தமில்லை. நீளவாக்கில் ரேகை ஓடுகிற, வளைந்தாலும் திரும்பி நிமிர்கிற மரம். அமெரிக்கர்கள் இதற்குப் பதில் மேப்பிள் வைப்பார்கள்.

நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதைப் பழைய வாசகர்கள் அறிவார்கள். இந்தக் கோலை ஆங்கிலத்தில் கியூ என்கிறார்களே, அது பிரெஞ்சுச் சொல். பிரெஞ்சில் அதற்கு அர்த்தம் 'வால்'. ரேஷன் கடையில் நாம் நிற்கிற கியூவும் அதே வால்தான், எழுத்தில் மட்டும் வித்தியாசம். ஆளுக்குப் பின்னால் ஆளாக நீளும் வால். மேசை ஆட்டத்துக்கு வால் எப்படி வந்தது என்பது சுவையான விஷயம். முதலில் இந்த ஆட்டம் புல்தரையில் ஆடப்பட்டது. பிறகு வீட்டுக்குள் மேசைக்கு வந்தது. மேசையில் பச்சைத் துணி விரிப்பது அந்தப் புல்லின் ஞாபகம்தான். 15ம் நூற்றாண்டிலேயே பிரான்ஸின் பதினோராம் லூயி மன்னரிடம் இப்படியொரு மேசை இருந்திருக்கிறது. அந்தக் காலத்தில் பந்தை அடிக்கவில்லை, தள்ளினார்கள். நுனியில் கட்டை வைத்த, கரண்டி போன்ற கருவியால். பந்து மேசையின் ஓரத்தோடு ஒட்டி நின்றுவிட்டால் அந்தக் கட்டை இடிக்கும். அப்போது கருவியைத் திருப்பி, பிடிப்பக்கத்தால், அதாவது வாலால் பந்தைத் தட்டினார்கள். வாலால் தட்டுவதே வசதி என்று போகப்போகத் தெரிந்தது. தலை போனது, வால் நின்றது.

பதினான்காம் லூயி இரவுச் சாப்பாட்டுக்குப் பின் வெர்சாய் அரண்மனையில் பில்லியர்ட்ஸ் ஆடுவார். அவரோடு ஆடக் கூப்பிடப்பட்டவர்களில் ஒருவர் ஷமியார். நல்ல ஆட்டக்காரர், அதைவிட நல்ல குணம். 1699ல் நிதி நிர்வாகமும், 1701ல் போர்த்துறையும் அவரிடம் வந்து சேர்ந்தன. கோல் பிடிக்கத் தெரிந்தவருக்குக் கஜானாவைப் பிடிக்கத் தெரியவில்லை என்று பாரிஸில் சிரித்தார்கள். பிரமோஷன் லிஸ்டுகளைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்தவன் என்ற முறையில் எனக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

இந்தக் கோலில் காணாமல் போன தோல்துண்டுக்கும் ஒரு பிரெஞ்சுக்காரர்தான் பொறுப்பு. மேங்கோ என்ற காலாட்படைக் கேப்டன். அரசியல் குற்றத்துக்காகச் சிறையில் இருந்தபோது அங்கே ஒரு பில்லியர்ட்ஸ் மேசை கிடைத்தது. அதுவரை கோல் நுனி வெறும் மரம். நடுவில் அடிக்காமல் சற்றுத் தள்ளி அடித்தால் வழுக்கிவிடும். 1807 வாக்கில் அவர் நுனியில் தோல் ஒட்டி ஆடிக் காட்டினார். தோல் பந்தைக் கவ்வும். பந்தை மேலே, கீழே, பக்கவாட்டில் எங்கே தொட்டாலும் அதற்கேற்ற சுழற்சி கிடைக்கும். போன பந்து திரும்பி வரும். தண்டனைக் காலம் முடிந்தும், ஆராய்ச்சி பாக்கி இருக்கிறது, இன்னும் கொஞ்ச நாள் இருக்க விடுங்கள் என்று கேட்டதாக அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. கதைதான், ஆனால் நம்ப ஆசையாக இருக்கிறது. 1827ல் பாரிஸில் புத்தகமும் போட்டார். அதே காலத்தில் இங்கிலாந்தில், பாத் என்ற ஊரின் ஆட்டக்கூடத்தில் ஜாக் கார் என்று ஒரு மார்க்கர். அவர் நுனியில் சுண்ணத்தைத் தடவிக்கொண்டு பந்தைச் சுழல வைத்தார். வேடிக்கை பார்த்த பெரிய மனிதர்களிடம், மந்திர சக்தியெல்லாம் இந்தச் சுண்ணத்தில்தான் இருக்கிறது என்று சொல்லி அதைச் சின்னச் சின்னப் பெட்டியில் விற்றுக் காசு பார்த்தார்.

மார்க்கர் என்ற சொல்லை இந்தத் தலைமுறை அறியாது. கிளப்பில் மேசையைத் துடைத்து, பந்தை எடுத்து வைத்து, புள்ளி எண்ணிச் சொல்லி, கோல்களைப் பழுது பார்க்கிற ஊழியர். என் அப்பா மார்க்கர்.

அதற்கு வருமுன் நம் நாட்டுக் கதையைச் சொல்லி முடித்துவிடுகிறேன். ஸ்நூக்கர் பிறந்தது இங்கேதான் என்பது பலருக்குத் தெரியாது. 1875, ஜபல்பூர். மழைக்காலம், ராணுவ அதிகாரிகள் மெஸ்ஸை விட்டு வெளியே போக முடியாது. நெவில் சேம்பர்லேன் என்ற இளம் அதிகாரி (பின்னாளில் பிரதமரானவர் அல்ல, பெயர்தான் ஒன்று) சிவப்புப் பந்துகளை வைத்து ஆடும் ஆட்டத்தையும் கறுப்புப் பந்தை வைத்துப் பந்தயம் கட்டி ஆடும் ஆட்டத்தையும் சேர்த்து, இன்னும் சில வண்ணப் பந்துகளையும் போட்டுப் புது ஆட்டம் ஒன்றை உண்டாக்கினார். ஒருநாள் பீரங்கிப்படை அதிகாரி ஒருவர், தாங்கள் பயின்ற உல்விச் ராணுவப் பள்ளியில் முதல் வருஷப் பையன்களை ஸ்நூக்கர் என்று அழைப்பார்கள் என்று சொன்னார். சற்று நேரத்தில் யாரோ சுலபமான பந்தைக் கோட்டை விட, சேம்பர்லேன் அவரை ஸ்நூக்கர் என்றார். அவர் முகம் வாடியதும், இந்த ஆட்டத்தில் நாம் எல்லோருமே ஸ்நூக்கர்கள்தானே என்று சமாதானம் சொன்னார். கத்துக்குட்டி என்ற பொருளில் சொன்ன சொல் ஆட்டத்துக்கே பெயராகிவிட்டது.

சேம்பர்லேன் பிறகு சென்னைப் படையின் தளபதி ராபர்ட்ஸிடம் வேலைக்கு வந்தார். கோடையில் தளபதி ஊட்டிக்குப் போவார், இவரும் கூடப் போவார். ஊட்டி கிளப் கட்டிடம் 1830களின் தொடக்கத்தில் ரம்போல்ட் என்பவர் கட்டியது. அங்கே 1882ல் இந்த ஆட்டத்தின் விதிகள் எழுதி மாட்டப்பட்டன. 1885ல் இங்கிலாந்தின் பெரிய ஆட்டக்காரர் ஜான் ராபர்ட்ஸ் இந்தியா வந்தபோது கல்கத்தாவில், கூச் பிகார் மகாராஜா இருந்த விருந்தில், சேம்பர்லேனைச் சந்தித்து விதிகளைக் கேட்டுக்கொண்டு போனார். வெகுகாலம் கழித்து, ஆட்டத்துக்குப் பலரும் சொந்தம் கொண்டாடியபோது, 1938 மார்ச்சில் 'தி ஃபீல்ட்' பத்திரிகையில் சேம்பர்லேன் கடிதம் எழுதி விஷயத்தைத் தெளிவாக்கினார். 63 வருஷம் கழித்து எழுதப்பட்ட ஆபீஸ் குறிப்பு! ஆனாலும் சாட்சிகள் ஒத்துப்போனதால் கோப்பு மூடப்பட்டது.

மலையில் விதி எழுதப்பட்ட ஆட்டம் சமவெளிக்கு இறங்க நாளாகவில்லை. வெள்ளைக்காரக் கலெக்டரும், மில் துரைகளும், தோட்டத் துரைகளும் இருந்த ஊர்களில் ஒரு கிளப்பும் அதில் ஒரு மேசையும் இருக்கும். கோடைக்கானல் கிளப் 1887ல் ஆரம்பித்தது. 12 அடி நீளம், 6 அடி அகலம், பச்சைத் துணிக்கு அடியில் கனத்த சிலேட்டுக் கற்பலகைகள். எல்லாம் சேர்த்தால் ஒரு டன்னுக்கு மேல் கனக்கும். அந்தக் காலத்தில் அதை மாட்டு வண்டியில் ஏற்றி இறக்கியவர்களின் முதுகைப் பற்றி எந்தப் புத்தகமும் எழுதவில்லை. பந்து தந்தத்தில். ஒரு தந்தத்துக்கு நாலைந்து பந்து தேறினால் அதிகம். தந்தத்துக்கு மாற்று கண்டுபிடித்தால் 10,000 டாலர் என்று அமெரிக்கக் கம்பெனி ஒன்று அறிவித்ததில்தான் ஹயாட் என்பவர் 1869ல் செல்லுலாய்டுக்கு வந்து சேர்ந்தார். அதில் சேரும் முக்கியப் பொருள்களில் ஒன்று கற்பூரம். யானை பிழைத்தது கற்பூரத்தால்.

இனி 4137. ஒருநாள் பேரன் செல்போனில் தேடிவிட்டு, "தாத்தா, இது உங்க ஸ்டாக் ரிஜிஸ்டர் இல்ல, ஸ்கோர்!" என்று ஓடி வந்தான். வால்டர் லிண்ட்ரம், ஆஸ்திரேலியாக்காரர். சிறுவயதில் வலது ஆள்காட்டி விரலின் நுனி விபத்தில் போய்விட்டதால் இடது கையால் ஆடக் கற்றவர். 1932 ஜனவரியில் லண்டனில் ஜோ டேவிஸுக்கு எதிராக, மேசையை விட்டு விலகாமல் ஒரே மூச்சில் எடுத்த புள்ளிகள் 4137. கிட்டத்தட்ட மூன்று மணி நேரம், எதிராளி நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். இவரைக் கட்டுப்படுத்துவதற்காகவே விதிகளை மாற்ற வேண்டியிருந்தது. மெல்போர்னில் அவர் கல்லறை பில்லியர்ட்ஸ் மேசை வடிவில், கோலும் பந்தும் வைத்துக் கட்டப்பட்டிருக்கிறது. அவர் பெயரும் அந்த எண்ணும் போட்ட கோல்கள் ஏராளமாக விற்றன. ஆக, என் கோல் 1932க்குப் பிந்தியது. அபூர்வப் பொருள் அல்ல. நாலு நாக்குகளும் ஊசிமுனையாக, ஒரே அளவாக இருக்கின்றன. கையால் இணைத்ததாக இருந்தால் முனை சற்று உருண்டு, ஒன்றுக்கொன்று கொஞ்சம் முன்பின்னாக இருக்கும். இது மெஷின் வேலை. விற்று லாபம் பார்க்கலாம் என்று யாருக்காவது நினைப்பு இருந்திருந்தால் அது அன்றோடு தீர்ந்தது.

அப்படியானால் இதற்குப் போய் ஏன் இவ்வளவு யோசனை? அப்பாதான் காரணம்.

பாண்டிச்சேரியில் வெள்ளைக்காரர்கள் கூடும் கிளப் ஒன்றில் அப்பா வேலை பார்த்தார். பிரெஞ்சுக்காரர்களின் மேசையில் பைகளே கிடையாது. மூன்றே பந்து. தன் பந்தால் மற்ற இரண்டையும் தொட வேண்டும், அவ்வளவுதான். அப்பாவுக்குப் பிரெஞ்சு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எண்ணத் தெரியும். பிரெஞ்சில் எண்ணுவது ஒரு கூட்டல் பெருக்கல் கணக்கு. எண்பதை 'நாலு இருபது' என்பார்கள். தொண்ணூற்றொன்பது, 'நாலு இருபது பத்து ஒன்பது'. 'கத்ர் வேன் தீஸ் நேஃப்' என்று அப்பா ராகம் போட்டுச் சொல்வார். நான் பள்ளிக்கூடம் போகுமுன் நூறு வரை எண்ணியது அவரிடம்தான். கோலின் நுனித்தோலுக்கு அவர் சொன்ன பெயர் 'புரோசெதே'. பிறகு வகுப்பில் அந்தச் சொல்லுக்கு வழிமுறை என்று அர்த்தம் படித்தபோது, ஒரு தோல்துண்டுக்கு எப்படி அந்தப் பெயர் என்று குழம்பியிருக்கிறேன்.

சனிக்கிழமை பழுதான கோல்களை வீட்டுக்குக் கொண்டுவருவார். வஜ்ஜிரத்தைச் சின்னச் சட்டியில் காய்ச்சித் தோல் ஒட்டுவார். வீடெல்லாம் நாறும், அம்மா திட்டுவாள். கோல்களைத் தரையில் உருட்டி வளைவு பார்க்கிற வேலை எனக்கு. நேரான கோல் சத்தமில்லாமல் உருளும். வளைந்தது டக் டக் என்று தட்டிக்கொண்டு போகும். மேலமாசி வீதிக் கடையில் நான் கோலைக் கண்டுகொண்டது இதனால்தான்.

அப்பா ஆடி நான் பார்த்ததில்லை. மார்க்கர் ஆடக் கூடாது என்பது அங்கே எழுதாத விதி. ஆள் குறைந்தால் மட்டும் எதிர்ப்பக்கம் நிற்கச் சொல்வார்களாம், தோற்கத் தெரிந்திருக்க வேண்டும். 1962 ஆகஸ்ட் 16 அன்று பாண்டிச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுபவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். அப்பாவோடு வேலை பார்த்தவர்கள் சிலர் எழுதிக் கொடுத்தார்கள், பிள்ளைகள் பாரிஸ் போனார்கள். அப்பா கொடுக்கவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். கிளப்பில் ஆள் குறைந்தது. மேசை மேல் துணி போர்த்தியே கிடந்தது. அப்பா ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதப் போனார். வில்சன் ஜோன்ஸ் 1958ல் கல்கத்தாவில் பில்லியர்ட்ஸ் உலகப் பட்டம் வென்றபோதும், 1964ல் மறுபடி வென்றபோதும் அப்பா பேப்பரை மடித்துப் பெட்டியில் வைத்திருந்தார். கீத் சேத்தியையும் 25க்கு மேல் உலகப் பட்டம் வாங்கிய பங்கஜ் அத்வானியையும் பார்க்க அவர் இல்லை. அவர் வாழ்நாளில் ஒரு கோல் கூட அவருக்குச் சொந்தமாக இருந்ததில்லை.

இந்தக் கோலின் கறுப்புப் பாகத்தில், அடியிலிருந்து ஒரு சாண் மேலே பாலிஷ் முழுக்கப் போய், மரம் எண்ணெய் தேய்த்த மாதிரி வழுவழுப்பாக இருக்கிறது. பல வருஷம் கை பிடித்த இடம். நுனிப்பக்கம் பூணுக்குக் கீழே அரம் பட்ட கீறல்கள் வட்டமாக இருக்கின்றன. ஒவ்வொரு தடவை தோல் மாற்றும்போதும் விளிம்பைத் தேய்த்த அரம் சறுக்கியதால் விழுந்தவை. ஆடியவர் யாரோ, தெரியாது. ஆனால் கீறல்களைப் போட்டது ஒரு மார்க்கர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆசாரி எமரி போட்டு இழைத்தால் இரண்டும் அரை மணி நேரத்தில் போய்விடும்.

விஷயம் தெரிந்தவர்களும் பழைய கோலை இழைக்காதே என்றுதான் சொல்கிறார்கள். ஆஷ் மரத்தை இழைத்தால் கோல் மெலியும். மெலிந்தால் அடிக்கும்போது துள்ளும், பிறகு அது வேறு கோல். போன மரத்தைத் திரும்ப வைக்க முடியாது. பாலிஷும் அப்படித்தான். பழைய காலத்து மரச்சாமானுக்குப் போட்டது அரக்கைச் சாராயத்தில் கரைத்துத் துணிப்பந்தால் தேய்க்கும் பாலிஷ். அரக்கு நம் நாட்டுச் சரக்கு, சோட்டா நாக்பூர்க் காடுகளில் பூச்சி கட்டுவது. ஆங்கிலேயர் அதற்கு 'பிரெஞ்சு பாலிஷ்' என்று பெயர் வைத்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் அப்படிச் சொல்வதில்லை, 'துணிப்பந்து வார்னிஷ்' என்ற பொருளில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்.

எதையும் தொடாமல் கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாமே என்றும் யோசித்தேன். பேரன் அதற்கு மடக்கினான். ஸ்டீஃபன் ஹென்ட்ரி தன் 7 உலகப் பட்டங்களையும் வென்றது, பையனாக இருந்தபோது வாங்கிய ஒரே கோலை வைத்து. 2003ல் விமானப் பயணத்தில் அது உடைந்தது. ஜான் ஸ்பென்சரின் கோல் 1974ல் கார் விபத்தில் துண்டு துண்டானது. அதை ஒட்டவைத்து மீண்டும் ஆடினார். "ஒட்டு போட்டா ஆட முடியாதுன்னு யார் சொன்னா தாத்தா?" என்றான். எனக்குப் பதில் இல்லை.

கடைசியில் ஆசாரியோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பேசினேன். பிளந்த நாக்கை வஜ்ஜிரத்தால் ஒட்ட வேண்டும். ஃபெவிகால் வேண்டாம். வஜ்ஜிரம் வெந்நீர் பட்டால் விட்டுவிடும், நாளைக்கு வேறு ஆசாரி வேறு விதமாகச் செய்ய நினைத்தால் வழி இருக்கும். வளைவை நிமிர்த்த வேண்டாம். நெருப்பில் காட்டினால் நிமிரும், நாலு மாதத்தில் பழையபடி ஆகும், அதற்குள் ஒட்டும் விட்டுவிடும். எமரி கூடாது. ஈரத்துணியால் அழுக்கை எடுத்து, ஆளிவிதை எண்ணெயை லேசாகத் தடவினால் போதும். தகட்டைப் பிரிக்க வேண்டாம். புதுத்தோல் மட்டும் வைக்கலாம், அதைப் பேரன் சென்னையிலிருந்து வரவழைக்கிறான்.

ஆசாரி கேட்டுக்கொண்டே இருந்தார். "இவ்வளவுதானா சார்? இதுக்கு நான் என்ன கூலி கேக்கறது?" என்றார். வஜ்ஜிரம் இப்போது கடையில் லேசில் கிடைப்பதில்லையாம், திண்டுக்கல்லில் விசாரித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். மைத்துனனுக்கு வருத்தம்தான்.

அதுவரை கோல் என் அறையில், சுவரில் சாயாமல் படுக்கைவசமாக இருக்கிறது. சாய்த்து வைத்தால் இன்னும் வளையும். நேற்றுக் காலை அதைத் தரையில் மெதுவாக உருட்டிப் பார்த்தேன். மூன்று சுற்றுக்கு ஒரு தடவை டக் என்றது. அடுக்களையிலிருந்து வீட்டம்மா, "என்ன விழுந்துச்சு?" என்று கேட்டாள்.